மைதிலி ரயில் ஏறினாளா?

அன்றைக்கு மைதிலி ரயிலில் ஏறினாளா, இல்லையா? நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது இதற்குப் பதில் தெரியாது. இப்போது என் மகள் இனியா மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இப்போதும் தெரியாது. அவளுக்கு அதெல்லாம் ஒரு சாக்கே இல்லை. பேஸ்ட் நுரை வழியப் பல் தேய்த்துக்கொண்டே கேட்கிறாள், ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும்போது ஒரு காலில் ஷூவோடு நின்று கேட்கிறாள். "நீதானம்மா எப்பப் பாரு படிச்சுக்கிட்டே இருக்க. உனக்கே தெரியாதா?" என்கிறாள். புத்தகப் புழு என்று பெயர் வாங்கியதற்கு இதுதான் பலன்.

மைதிலி எங்கள் உறவுக்காரப் பெண் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் ‘மைதிலியின் பெட்டி’ என்ற தொடர்கதையின் நாயகி. ஒரு வாரப்பத்திரிகையில் வந்தது. என் அம்மா வாரா வாரம் அதைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்திருந்தார். அம்மா அண்ணனோடு இருப்பதாகப் புனேவுக்குப் போனபோது பாத்திரங்கள் அண்ணன் வீட்டுக்கும் பைண்டு புத்தகங்கள் என் வீட்டுக்கும் வந்தன. பெங்களூர் சர்ஜாபூர் ரோட்டில் எங்கள் ஃபிளாட்டின் பரண் முழுக்க அவைதான். அண்ணன் கெட்டிக்காரன்.

பரணில் சும்மா கிடந்தவற்றைக் கிளப்பிவிட்டது டாக்டர். போன மழைக்கு இனியாவுக்கு இழுப்பு அதிகமாகி, நெபுலைசரும் நாங்களுமாகவே நாள் போனது. இந்த ஊரில் பிறக்கும் குழந்தைகளில் பாதிப் பேருக்கு மூக்குதான் முதல் எதிரி என்று தெரியும். இருந்தாலும் என் குழந்தை மூச்சுவிடும் சத்தம் பக்கத்து அறையில் கேட்டால், நான் என்ன தப்பாகச் சமைத்தேன், எந்த ஜன்னலைத் திறந்து வைத்தேன் என்றுதான் மனசு போகும். டாக்டரம்மா கன்னடக்காரர். ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "மனேலி ஹளே புஸ்தகா ஏனாதரு இத்யா?" என்றார். வீட்டில் பழைய புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று.

"கொஞ்சம்" என்றேன்.

"கொஞ்சமா?" என்றார் என் கணவர். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, டாக்டருக்குக் கேட்கிற மாதிரி. "பரண்ல ஒரு லைப்ரரியே இருக்கு டாக்டர். தொட்டாலே தும்மல் வரும்."

பழைய தாள், கம்பளி, பஞ்சு பொம்மை எல்லாம் வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. குழந்தையின் மூச்சா, அம்மாவின் தொடர்கதையா என்றால் எந்தத் தாய் யோசிப்பாள்? நான் யோசித்தேன் என்பதற்காக என்னையே நான் திட்டிக்கொண்டது தனி. பஞ்சு கரடி அன்றைக்கே போய்விட்டது. புத்தகங்களை மட்டும் ‘யாராவது படிக்கிறவர்களிடம் கொடுத்துவிடலாம்’ என்று பால்கனிக்கு இறக்கி வைத்தேன்.

யாராவது படிக்கிறவர்கள். இந்த ஊரில் அவர்களைத் தேடிப் போன கதையைச் சொன்னால் உங்களுக்கே கோபம் வரும். முதலில் மாலில் இருக்கும் பெரிய புத்தகக் கடைக்குப் போனேன். வாசலில் வாசனை மெழுகுவர்த்தி, அப்புறம் காபிக் கோப்பை, அப்புறம் ‘புத்தகம் என் காதல்’ என்று எழுதிய துணிப்பை. இதையெல்லாம் தாண்டிப் போனால் சில புத்தகங்களும் இருந்தன. பழைய தமிழ்ப் புத்தகம் யாராவது எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண் என்னை மிகவும் இரக்கத்தோடு பார்த்து, "ஆன்லைன்ல ட்ரை பண்ணுங்க மேடம்" என்றாள். ஒரு நூலகத்துக்குப் போன் செய்தால், பைண்டு செய்த பத்திரிகைக் கிழிசல்கள் ‘புத்தகம்’ என்ற வகையில் சேராது என்றார்கள். எந்த வகையில் சேரும் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்கள்.

சரி, எனக்குப் பழக்கமான இடத்துக்கே போவோம் என்று மெட்ரோ பிடித்து மல்லேஸ்வரம் போனேன். சின்ன வயதில் நான் உறுப்பினராக இருந்த வாடகை நூலகம் அங்கே ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். துப்பறியும் நாவல்களில் எனக்கு முன்னால் படித்த யாரோ ஒரு மகானுபாவர், முதல் பக்கத்திலேயே பென்சிலால் ‘கொலை செய்தது டிரைவர்’ என்று எழுதி வைப்பார். எல்லாப் புத்தகத்திலும். ஒரு புத்தகத்தில் மட்டும் வேண்டுமென்றே தப்பான ஆளை எழுதி வைத்திருந்தார். அதைப் படித்து முடித்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அந்தப் படிக்கட்டுக்குக் கீழே இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். நிமிர்ந்தால் இன்னமும் தலை இடிக்கிறது. அது ஒன்றுதான் மாறவில்லை.

திரும்பி வந்து, மாஸ்க் போட்டுக்கொண்டு பால்கனியில் கட்டைப் பிரித்தேன். மைதாப் பசையும் நாப்தலினும் கலந்த அந்த வாசனை மாஸ்க்கையும் தாண்டி வந்தது. அவ்வளவுதான், நான் எங்கள் வட்டாராவுக்குப் போய்விட்டேன்.

ஒரே கேட்டுக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன வாடகை வீடுகள் இருந்தால் அதற்குக் கன்னடத்தில் வட்டாரா என்று பெயர். மல்லேஸ்வரத்தில் அப்படி ஒன்றில் இருந்தோம். பக்கத்து வீடு கமலாக்கா. வட்டாராவில் மற்றவர்கள் கூப்பிடுவதைப் பார்த்து நானும் அக்கா என்றே கூப்பிடுவேன். என் அப்பாவும் கமலாக்காவின் வீட்டுக்காரரும் பீன்யாவில் ஒரே ஃபாக்டரி. இரண்டு பேரும் ஒரே பஸ் பிடித்துப் போனபிறகு, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பத்திரிகை வரும். ஒரு வாரம் முதலில் எங்களுக்கு, மறுவாரம் முதலில் அவர்களுக்கு.

இரண்டு வீடும் படித்து முடித்தபிறகு கிழிக்கும் படலம். அம்மாவுக்கு மைதிலி. கமலாக்காவுக்கு அதே பத்திரிகையில் வந்த ராஜா கதை. ‘வாள் உறையிலிருந்து பாதி வெளிவந்தது, தொடரும்’ என்று முடியும் வகை. மறுவாரம் பார்த்தால் அந்த வாள் உறைக்குள்ளேயே திரும்பிப் போயிருக்கும். தொடர்கதை எழுதுகிறவர்களுக்குக் கொஞ்சமும் மனசாட்சி கிடையாது. ஆனால் அவர்களைவிடப் பெரிய சதிகாரர் பத்திரிகைக்குப் பக்கம் போட்டவர். மைதிலியின் கடைசிப் பக்கத்துக்குப் பின்னாலேயே ராஜா கதையின் முதல் பக்கத்தைப் போட்டுவிடுவார். ஒரே தாள். முன்பக்கம் அம்மாவுக்கு வேண்டும், பின்பக்கம் கமலாக்காவுக்கு வேண்டும்.

அதற்கு அவர்களே ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். அந்தத் தாளை முறை வைத்து எடுத்துக்கொள்வது, எடுத்துக்கொண்டவர் மற்றவருக்கு அந்தப் பக்கத்தைக் கையால் எழுதிக் கொடுப்பது. அப்பா ஃபாக்டரியிலிருந்து ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த தாள்களைக் கொண்டுவருவார், மறுபக்கத்தில் எழுதுவார்கள். நான் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். எனக்கு எதிரே அம்மாவும் வீட்டுப்பாடம் எழுதுவார். "ராஜாவுக்கு இவ்ளோ வர்ணனை எதுக்குடி? கை வலிக்குது. மீசைய ரெண்டு வரில முடிக்கக் கூடாதா?"

கமலாக்கா எழுதிக் கொடுப்பதில் ஒரு விசேஷம் உண்டு. அவர் படித்ததெல்லாம் கன்னட மீடியம். தமிழைப் பத்திரிகை பார்த்துப் பார்த்தே படிக்கக் கற்றுக்கொண்டவர். படிக்க வரும், எழுத வராது. அதனால் தமிழ்க் கதையை அப்படியே கன்னட எழுத்தில் எழுதித் தருவார், வார்த்தைக்கு வார்த்தை தமிழ். அம்மாவுக்குக் கன்னடம் படிக்க வரும் என்பதால் பிரச்சினை இல்லை. அதனால் எங்கள் வீட்டு மைதிலி, நாலு பக்கம் தமிழ் அச்சில் அழுவாள், ஐந்தாவது பக்கம் கன்னட எழுத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

அந்தப் பக்கங்களைத்தான் நான் பால்கனியில் புரட்டிக்கொண்டிருந்தேன். வலைக்கதவுக்கு உள்ளே இனியா. "கிட்ட வராதே, தூசி" என்று சொல்லியிருந்ததால் மூக்கை வலையில் அழுத்திக்கொண்டு நின்றாள். போரடிக்கிறதே என்று மைதிலியைக் கொஞ்சம் சத்தமாகப் படித்தேன். வீட்டில் யாரையும் கேட்காமல் தூரத்து ஊர் வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிடுகிறாள் மைதிலி, கட்டிலுக்கு அடியில் பெட்டியை ஒளித்து வைக்கிறாள். பெட்டி என்றதும் இனியா உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் பக்கத்தைத் திருப்பினேன்.

"அது கன்னடாதானே? காட்டு."

வலைக்கு இந்தப் பக்கம் பிடித்துக் காட்டினேன். விரலை வலைமேல் வைத்து, பள்ளிக்கூடத்தில் படிக்கிற ராகத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "மை... தி... லி... கதவை... மெல்ல... சாத்தினாள்." நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். "அம்மா! கன்னடத்துல தமிழ் இருக்கு!"

இதை எப்படிச் சொல்வது உங்களுக்கு? ஃபிரிட்ஜில் அ, ஆ சார்ட் ஒட்டி அது பழுத்து விழுந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு, கிளி வந்து எழுத்துச் சொல்லித்தரும் ஆப், மாமியார் ஊரிலிருந்து அனுப்பிய அரிச்சுவடி, எல்லாம் ஆனது. பள்ளியில் இங்கிலீஷும் கன்னடமுமே போதும் போதும் என்றிருக்க, மூன்றாவது எழுத்தைத் திணித்து அவளை அழவைக்கிறேனோ என்று நானே பயந்து விட்டுவிட்டேன். விட்டது தப்போ என்று அதற்கும் பயம். அந்தப் பிள்ளை, பால்கனிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, முதல் தடவையாகத் தானே ஒரு தமிழ்க் கதையைப் படிக்கிறது!

அப்புறம் எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் இதுதான். அச்சுப் பக்கங்களை நான் மாஸ்க்கோடு வெளியே உட்கார்ந்து படிப்பேன். கமலாக்கா பக்கம் வந்தால் அவள் முறை. அந்தத் தாள்களை மட்டும் தனியாகப் பிரித்து, துடைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்துவிட்டேன். என் கணவர், "மொத்தத்தையும் ஸ்கேன் பண்ணிட்டா டேப்லெட்ல படிக்கலாமே" என்றார். செய்யுங்களேன் என்றேன். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

கதையும் கடைசி அத்தியாயத்துக்கு வந்தது. பெட்டியோடு பிளாட்பாரத்தில் நிற்கிறாள் மைதிலி. பின்னால் அவள் அப்பா ஓடி வருகிறார். கூப்பிட வருகிறாரா, வழியனுப்ப வருகிறாரா தெரியாது. ‘வண்டி மெல்ல நகர ஆரம்பித்தது. மைதிலி’ என்று பக்கம் முடிகிறது. அடுத்த பக்கம் இல்லை. அட்டைதான் இருக்கிறது.

"கமலா ஆன்ட்டி பக்கம் எங்கே? இப்ப என் டர்ன்தானே?" என்றாள் இனியா.

அந்தப் பக்கம் இல்லாத காரணம் எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்தச் சண்டை நடந்தபோது நான் குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன். அந்த வாரம் பத்திரிகை முதலில் அவர்கள் வீட்டுக்குப் போனது. எங்களுக்கு வந்தபோது ‘முற்றும்’ போட்ட கடைசித் தாளே இல்லை. அம்மா படிப்பதற்கு முன்பே கமலாக்கா கிழித்துவிட்டிருந்தார். சட்டப்படி அது மகா குற்றம்.

"சாயங்காலத்துக்குள்ள எழுதிக் குடுத்துடலாம்னுதான்க்கா கிழிச்சேன். என் முறைதானே?" என்றார் கமலாக்கா.

"கடைசிப் பக்கம் கமலா. முற்றும் போட்ட பக்கம். அதுல போய் முறை பாக்கறியா?"

"நான் முற்றும்னு எழுதினா கதை முடியாதா?"

"உன் கன்னடக் கிறுக்கல்ல முடியறதுக்கா நான் இத்தன நாள் சேத்தேன்?" என்றார் அம்மா.

கமலாக்கா குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். குடம் நிறையக்கூட இல்லை. அம்மா அப்பாவை பஸ் ஸ்டாப் கடைக்கு விரட்டினார். ஆற்றுத் தண்ணீர்த் தகராறு என்று ஊர் கொஞ்சம் சூடாக இருந்த சமயம். கடைக்காரர் தமிழ்ப் பத்திரிகைகளைக் குறைவாக வாங்கி, கன்னடப் பத்திரிகைகளுக்குப் பின்னால் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. அடுத்த வாரத்திலிருந்து இரண்டு வீட்டிலும் தனித்தனிப் பத்திரிகை. கொஞ்ச காலத்தில் நாங்கள் வேறு வீடு போய்விட்டோம்.

அம்மா கதை முடிவை எப்படியோ தெரிந்துகொண்டார் என்றுதான் நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். ஏனென்றால் கேட்டபோதெல்லாம் பதில் சொன்னார். பத்தாவதில் கணக்கில் நான் தடுமாறியபோது, "மைதிலி ஏறினா. தைரியமா ஏறினா. அப்படி இருக்கணும் பொண்ணு" என்றார். எனக்குச் சென்னையில் முதல் வேலை கிடைத்தபோது, "ஏறலடி. பெத்தவர் முகத்தப் பாத்துட்டு இறங்கி வந்துட்டா" என்றார். ஏறவே இல்லையென்றால் எங்கிருந்து இறங்கினாள் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் பெங்களூரிலேயே வேலை தேடிக்கொண்டேன்.

இந்த முறை விடவில்லை. புனேவுக்கு வீடியோ கால் போட்டு, இனியாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, "ஒரே பதில் சொல்லும்மா" என்றேன்.

"இப்ப அவளுக்கு எது நல்லதோ அதச் சொல்லேன்" என்றார்.

"அம்மா, நீ அந்தப் பக்கத்தப் படிச்சியா இல்லையா?"

திரையில் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கமலா தானாக் கொண்டாந்து குடுப்பான்னு இருந்தேன்" என்றார்.

படிக்கவே இல்லை. என் படிப்பையும் வேலையையும் தீர்மானித்த முடிவை அம்மா படிக்கவே இல்லை!

‘மைதிலியின் பெட்டி’ புத்தகமாக வந்திருக்கிறதா என்று தேடினேன். தேடின இடத்திலெல்லாம் இல்லை. எழுதியவர் புனைபெயருக்குப் பின்னால் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பத்திரிகையும் நின்றுபோய் ரொம்ப நாளாயிற்று. கடைசியில் அப்பாவின் பழைய ஃபாக்டரி நண்பர் ஒருவர் மூலம் கமலாக்காவைக் கண்டுபிடித்தேன். ஈஜிபுராவில் மகள் வீட்டில் இருந்தார். இனியாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கூட்டர்களுக்கு நடுவே பக்கவாட்டில் நடந்துதான் அந்த வீட்டுக்குப் போக வேண்டும்.

பிளாஸ்டிக் உறையில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்ததும் கமலாக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "அய்யோ, இத இன்னும் வச்சிருக்கீங்களா? உங்கம்மா கிழிச்சுப் போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்."

கடைசிப் பக்கத்தைக் கேட்டேன். "அன்னிக்கே எழுதிட்டேன்மா. உங்கம்மா வந்து கேக்கட்டும்னு ராஜா கதைக்குள்ளயே சொருகி வச்சேன். கேக்கவே இல்ல."

"அந்தப் புத்தகம் எங்கே இருக்கு?"

"வட்டாராவ பில்டருக்குக் குடுத்தாங்கல்ல? காலி பண்ற அவசரத்துல எல்லாம் பழைய பேப்பர்காரன் வண்டில போச்சு."

இனியா அவர் மடிக்கருகே போய் நின்றுகொண்டாள். "ஆன்ட்டி, அவ ஏறினாளா?"

கமலாக்கா அவள் கன்னத்தைத் தடவினார். "கொத்தில்லம்மா" என்றார் கன்னடத்தில். தெரியாது என்று. "கரண்டு போய் மெழுகுவத்தி வச்சு எழுதினது தெரியுது. கோவத்துல முற்றும்ன்றத நல்லாப் பெருசா எழுதினது தெரியுது. என்ன எழுதினேன்னு மட்டும் ஞாபகம் வரமாட்டேங்குது." பிறகு அவருக்கே ஒரு யோசனை தோன்றி முகம் மலர்ந்துவிட்டது. "அதுக்கென்ன, இப்ப எழுதித் தர்றேன் கண்ணு. அதே மாதிரி. நீ படிச்சுக்கோ." என்னிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "ஏத்தணுமா, வேணாமா? நீ சொல்லு" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் போனில் சொன்னேன். "அவளா? ஏறலைன்னுதான் எழுதுவா. அவ புத்தி அப்படி." சரி, நீயே பேசு, நம்பர் தருகிறேன் என்றால், "மொதல்ல அவ பேசட்டும்." கமலாக்காவிடம் கேட்டால் அவரும் அதையே சொல்கிறார், மரியாதையாக. இத்தனை வயதுக்குமேல் இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தூது போவதற்கா நான் பிறந்தேன்?

பால்கனிப் புத்தகங்கள் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். எடுத்துக்கொள்ள ஒருவரும் வரவில்லை. பழைய பேப்பர்காரருக்குத்தான் போன் செய்திருக்கிறேன். வட்டாரா இருந்த இடத்தில் கண்ணாடி வைத்த நகைக்கடை. பத்திரிகை தொங்கிய பஸ் ஸ்டாப் கடையில் இப்போது சிப்ஸ் பாக்கெட்டுகள் தொங்குகின்றன. ஒரு தாளுக்காகப் பேச்சை நிறுத்திக்கொள்கிற அளவுக்குக் கதைப் பைத்தியமான இரண்டு பெண்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்த ஊர் இதுதானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. மிஞ்சப் போவது பிளாஸ்டிக் உறையில் இருக்கும் அந்தக் கன்னட எழுத்துத் தமிழ்த் தாள்கள் மட்டும். அவற்றை இனியா தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள். நான் தினமும் துடைக்கிறேன்.

இவள் வாழ்நாளில் தானாகப் படிக்கப்போகும் ஒரே தமிழ்க் கதை இதுவாகவே இருந்துவிடலாம். அதன் முடிவை நான் சொல்லி, கமலாக்கா எழுதி, நிஜம் என்று நம்பிப் படிக்கவிடுவதா? ஏறினாள் என்றால், நாளைக்கு இவளும் ஒரு பெட்டியோடு கிளம்பும்போது நான் என்ன செய்வேன்? ஏறவில்லை என்றால், என் அம்மா எனக்குச் செய்ததையே நானும் இவளுக்குச் செய்கிறேனா? தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் வண்டி நகர்ந்துகொண்டே இருக்கிறதே, எட்டு வயதுக் குழந்தையை எத்தனை நாள் பிளாட்பாரத்தில் நிறுத்தி வைப்பது?

நான் எதை முடிவு செய்தாலும் மறுநாள் காலையில் மாற்றிக்கொள்கிறவள். நீங்கள் எல்லோரும் நிறையப் படித்தவர்கள். கமலாக்கா தாளும் பேனாவும் எடுத்து வைத்துவிட்டு, "சொல்லும்மா" என்று தினமும் போன் செய்கிறார். என்ன சொல்லட்டும்?